சேர்த்து வைப்பது சிக்கனமா, பேராசையா?

மாதத்தின் முதல் வாரம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரு சிறு தாள் பிறக்கின்றது. அரிசி, பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய், சவர்க்காரம் என்று வரிசையாக எழுதப்படும் அத்தாளை மளிகைப் பட்டியல் என்கின்றோம். இல்லத்தலைவியின் கையெழுத்தில் அமைந்த அந்த ஒரு தாளில் அக்குடும்பத்தின் வருவாயும், பழக்கமும், நோயும், கவலையும் அடங்கியுள்ளன. அதனை அன்போடும் அறிவோடும் எழுதுவதும் இல்லறத்தின் கடமைகளுள் ஒன்றே என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இப்பட்டியலைப் பற்றியே நம் வாசகச் சகோதரி ஒருவர் நீண்ட மடல் வரைந்துள்ளார். கணவர் ஆலைத் தொழிலாளி. பள்ளி செல்லும் பிள்ளைகள் மூவர். கடைகளில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அறிவிக்கும்போதெல்லாம் இவர் வாங்கி வைப்பது வழக்கம். தள்ளுபடிச் சீட்டுகளையும் கத்தரித்துச் சேர்க்கின்றார். கட்டிலுக்கு அடியில் எண்ணெயும் சோப்பும் நிறைந்துள்ளன. ஆயினும் மாதக் கடைசியில் சமையல் எரிவாயு உருளைக்குப் பணம் இல்லை; கணவரோடு பூசல். சேர்த்து வைப்பது சிக்கனம்தானே, அதனை ஏன் பேராசை என்று இவர் ஏசுகின்றார், ஆண்டவர் பார்வையில் இது குற்றமா என்று அச்சகோதரி கேட்கின்றார்.

கேள்வி சிறியதன்று. பல இல்லங்களில் ஒலிக்கும் கேள்வி இது. ஆகவே இம்மாதம் இதனையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். சேர்த்து வைப்பது தன்னளவில் குற்றமன்று. நம் முன்னோர் வீடுகளில் குதிரும், குலுக்கையும், ஊறுகாய் ஜாடியும், புளிப்பானையும் இருந்தன. தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் ஆண்டுக்கு வேண்டிய நெல் வீட்டுக்கு வந்துவிடும். மாசி, பங்குனியில் புளி உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்துப் பானையில் அடைப்பார்கள். கோடை வெயிலில் மிளகாய் காயும். வடகமும் வற்றலும் காயும். எப்பொருள் எப்பருவத்தில் மிகுதியாக விளைகின்றதோ, அப்பருவத்தில் அது மலிவாகவும் தரமாகவும் கிடைக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்ற முதுமொழியும் அவர்களுடையதே. சேர்த்தல், அளத்தல் ஆகிய இரண்டும் அவர்களிடத்தில் ஒருங்கே இருந்தன. நம்மிடத்திலோ முன்னது மட்டும் எஞ்சி, பின்னது மறைந்து வருகின்றது.

தள்ளுபடிச் சீட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அது நம் நாட்டுப் பழக்கமன்று, அமெரிக்காவில் வளர்ந்தது. 1880-களின் இறுதியில், கோக்கோ-கோலா என்னும் புதிய பானத்தை மக்களுக்கு அறிமுகம் செய்ய, ஒரு குவளை இலவசமாக அருந்தலாம் என்று அச்சிட்ட சீட்டுகளை அதன் உரிமையாளர் வழங்கினார். அருந்திய பலர் மறுமுறை காசு கொடுத்து அருந்தினர். சீட்டின் நோக்கம் இதில் விளங்குகின்றதன்றோ? வாங்காத ஒருவரை வாங்க வைப்பதும், வாங்கும் ஒருவரை மிகுதியாக வாங்க வைப்பதுமே அதன் பணி. இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை; வணிகர் தம் வேலையைச் செய்கின்றார். ஆனால் நாம் நம் வேலையைச் செய்ய வேண்டும். சீட்டை எழுதியவர் கடைக்காரர். பட்டியலை எழுதியவர் இல்லத்தலைவி. சீட்டு பட்டியலுக்குப் பணிந்தால் சேமிப்பு. பட்டியல் சீட்டுக்குப் பணிந்தால் செலவு.

இதனைக் கணக்கிலும் காணலாம். ஒரு பொருள் 200 கிராம் பொட்டலம் 48 ரூபாய், 500 கிராம் பொட்டலம் 110 ரூபாய், 1 கிலோ பொட்டலம் 'சிறப்புச் சலுகை' என்ற நட்சத்திரக் குறியோடு 230 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது கிலோவுக்கு 240 ரூபாய் ஆகின்றது. இரண்டாவது 220 ரூபாய். நட்சத்திரம் ஒட்டியதோ 230 ரூபாய். பெரிய பொட்டலமே மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவர் கிலோவுக்குப் பத்து ரூபாயை விட்டுவிட்டார். பொட்டலங்களின் மேல் அதிகபட்ச சில்லறை விலையோடு, ஓர் அலகின் விலையையும் அச்சிட வேண்டும் என்று இப்போது சட்ட விதி உள்ளது. கிராமுக்கு அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்று சிறிய எழுத்தில் இருக்கும் அவ்வரியைப் படிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பள்ளியில் கற்ற கணக்கு கடையில் பயன்படுவதைக் கண்டு அவர்களும் மகிழ்வார்கள்.

தேதியையும் பார்க்க வேண்டும். 'இந்நாளுக்குள் பயன்படுத்துதல் சிறந்தது' என்பது சுவைக்கும் தரத்துக்கும் குறித்த நாள். 'காலாவதி நாள்' என்பது பாதுகாப்புக்குக் குறித்த நாள். அதனைத் தாண்டிய பொருளை உண்ணலாகாது. நாள் நெருங்கிய சரக்கை விரைவில் தள்ளிவிடும் பொருட்டும் சலுகைகள் அறிவிக்கப்படுவதுண்டு. இரண்டு வாரத்தில் முடியும் நான்கு பொட்டலங்களை வாங்கி, ஒன்றைத் தின்று மூன்றை எறியும் வீட்டில் இலவசம் என்பது எங்கே இருக்கின்றது?

இனி, சேர்த்து வைக்கத் தக்கவை எவை, தகாதவை எவை என்பதைக் காண்போம்.

அரிசி பழகப் பழக உதிரியாக வேகும். சோறும் கூடுதலாகக் காணும். ஆகவே பழைய அரிசிக்கு மதிப்புண்டு. ஆனால் மூட்டையைத் தரையிலும் சுவரோரத்திலும் வைக்கலாகாது, ஈரம் ஏறும். பலகையின் மேல் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பருப்பு வகைகளை நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காய வைத்து, சூடு முற்றும் ஆறிய பின்னரே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். வசம்புத் துண்டுகளையோ காய்ந்த வேப்பிலையையோ துணியில் முடிந்து இட்டு வைப்பது பூச்சி, வண்டு அண்டாதிருக்க நம் பாட்டிமார் கையாண்ட முறை.

புளியைக் கொட்டையும் கோதும் நாரும் நீக்கி, வெயிலில் காட்டி, கல்லுப்பு தூவி அடுக்கடுக்காகப் பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ அமுக்கி வைக்கலாம். பித்தளை, அலுமினியம், இரும்புப் பாத்திரங்கள் ஆகா. புளியின் அமிலம் உலோகத்தை அரிக்கும். மிளகாயை ஒடித்தால் 'சடக்' என்று ஒடியும் அளவுக்குக் காய வைத்தே அடைக்க வேண்டும். மிளகாயிலோ நிலக்கடலையிலோ பூஞ்சணம் கண்டால், மீண்டும் காய வைத்துப் பயன்படுத்தலாம் என்று எண்ணாதீர்கள். அஃபிளடாக்சின் என்னும் நஞ்சு அதில் உண்டாகக்கூடும். அது கல்லீரலைக் கெடுப்பது. வீட்டுச் சமையலின் சூட்டில் அழியாதது. அத்தகைய பொருளை எறிவதே சிக்கனம். மருத்துவரிடம் கொடுக்கும் தொகை அதனினும் பெரிது.

எண்ணெய் நெடுங்காலம் இருப்பதற்குரியதன்று. ஒளியும் வெப்பமும் காற்றும் பட்டால் சிக்கு வாடை வீசும். இரண்டு மாதத் தேவைக்கு மேல் வாங்க வேண்டியதில்லை. பழைய எண்ணெயின் மேல் புதியதை ஊற்றவும் வேண்டாம். ரவை, கோதுமை மாவு, மைதா ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் தாங்கா. ரவையை வறுத்து வைத்தால் சற்றுக் கூடுதலாக இருக்கும். அயோடின் கலந்த உப்பை மூடிய ஜாடியில் வைக்க வேண்டும். ஈரக்காற்றில் அயோடின் குறைந்துவிடும். அனைத்துக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. முதலில் வந்தது முதலில் அடுப்புக்குச் செல்ல வேண்டும். புதிய பொட்டலத்தைப் பின்னே வையுங்கள். பழையதை முன்னே நகர்த்துங்கள். டப்பாவின் மேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள்.

நியாயவிலைக் கடையை மறந்துவிட்டு வெளிச்சந்தைச் சலுகையைத் தேடி அலைவோரும் உள்ளனர். தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு 2011 சூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. 2007-இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தின்கீழ்த் துவரம்பருப்பும் பாமாயிலும் வெளிச்சந்தையினும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவ்வரிசியை இட்லிக்கும் தோசைக்கும் ஊற வைக்கும் இல்லத்தரசிகள் மாதந்தோறும் கணிசமான தொகையை மிச்சப்படுத்துகின்றனர். வரிசையில் நிற்பது தாழ்வு என்று எண்ண வேண்டாம். அதே வேளையில், வாங்கிய அரிசியை இடைத்தரகருக்கு விற்பது சட்டப்படியும் குற்றம், மனச்சான்றின்படியும் குற்றம்.

இனி மடலெழுதிய சகோதரியின் உண்மைத் துன்பத்துக்கு வருவோம். அவர் வீட்டில் பொருள் குறைவில்லை, பணம் குறைகின்றது. பணத்தைப் பொருளாக மாற்றிக் கட்டிலுக்கு அடியில் பூட்டிவிட்டார். எண்ணெயைக் கொடுத்து எரிவாயு உருளை வாங்க முடியாது. சோப்பைக் கொடுத்துப் பள்ளிக் கட்டணம் செலுத்த முடியாது. கையிருப்புப் பணமும் ஒரு சேமிப்பே என்பதை மறந்ததால் வந்த இடர் இது.

கடன் வாங்கிச் சேர்ப்பவர் நிலை இதனினும் கடினம். புளி, மிளகாய், துவரம்பருப்பு மூன்றையும் பருவத்தில் ஆண்டுக்கு வாங்க 4,000 ரூபாய் ஆகின்றது என்றும், மாதாமாதம் வாங்குவதைக் காட்டிலும் இதில் 700 ரூபாய் மிஞ்சும் என்றும் வைத்துக்கொள்வோம். அத்தொகையை நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால், மாதம் 120 ரூபாய். ஆறு மாதத்தில் 720 ரூபாய். மிச்சமெல்லாம் வட்டிக்காரர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது; அதற்கு மேல் இருபது ரூபாயும் நம் கையிலிருந்து போயிற்று; அசல் அப்படியே நிற்கின்றது. அதே குடும்பம் வைகாசி முதல் மாசி வரையுள்ள பத்து மாதமும் மாதம் 400 ரூபாய் ஒதுக்கினால், பங்குனிச் சந்தைக்குக் கடனின்றிச் செல்லலாம். முதல் ஆண்டு சற்றுக் கடினமே. முதல் ஆண்டில் புளி ஒன்றை மட்டும் வாங்குங்கள். அதில் மிஞ்சியது மறு ஆண்டு மிளகாய்க்கு ஆகட்டும். சிறுகச் சேர்ப்பதில் வெட்கமில்லை. ஆனால் முன்பின் அறியாதார் நடத்தும் பண்டிகைச் சீட்டுகளில் ஆண்டு முழுதும் பணம் கட்டி, பண்டிகை நாளில் பூட்டிய கதவைக் கண்டு கண்ணீர் விட்டோர் பலர். உறுதியான வங்கிக் கணக்கோ, நன்கு நடைபெறும் மகளிர் குழுவோ போதும்.

தனியொரு குடும்பத்தால் இயலாதது பல குடும்பங்கள் கூடினால் இயலும். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர், பெரும்பாலும் ஏழைத் தொழிலாளர், சிறுகச் சிறுகப் பணம் திரட்டி ஒரு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு என்று ஒரு கைவிரலுக்குள் எண்ணத்தக்க சில பொருள்களே அங்கு இருந்தன. கலப்படமில்லாப் பொருள், சரியான எடை, ரொக்க விற்பனை, வாங்கிய அளவுக்கேற்ப இலாபப் பங்கு ஆகியவை அவர்கள் வகுத்த நெறிகள். உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அதுவே முன்மாதிரியாயிற்று. நம் சென்னையில் 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதும் அவ்வழியைப் பின்பற்றியே. நம் அன்பியங்களிலும் இதனைச் சிறிய அளவில் செய்யலாம். ஐந்து குடும்பங்கள் கூடி ஒரு மூட்டைப் பருப்பை மொத்தக் கடையில் வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளட்டும். விலையும் குறையும், எந்த வீட்டிலும் தேவைக்கு மேல் தேங்காது, வண்டுக்கும் வேலை இராது. அண்டை வீட்டாரோடு பேச்சற்றுப் போன தெருக்களில் ஒரு படி பருப்பு உறவை மீட்டுத் தருவதும் கூடும்.

இறுதியாக, அச்சகோதரி கேட்ட ஆன்மிகக் கேள்வி. மறைநூல் இரண்டு களஞ்சியங்களை நம் கண்முன் நிறுத்துகின்றது. தொடக்க நூலில் யோசேப்பு எகிப்தில் ஏழு வளமான ஆண்டுகளின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தார். பஞ்சம் வந்தபோது களஞ்சியங்களைத் திறந்தார். எகிப்தியர் மட்டுமன்றி, தம்மைக் குழியில் தள்ளி விற்ற சகோதரர்களும் பிழைத்தனர். லூக்கா நற்செய்தியில் வரும் செல்வனோ, விளைச்சல் மிகுந்ததும் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணினான். தன்னைத் தவிர வேறொருவரை அவன் நினைக்கவில்லை. அன்றிரவே அவன் உயிர் கேட்கப்பட்டது. இருவரும் சேர்த்தவர்களே. ஒருவருடைய களஞ்சியத்துக்குக் கதவு இருந்தது. மற்றவருடையதற்குச் சுவர் மட்டுமே இருந்தது.

பாலைவனத்தில் மன்னாவைப் பேராசையோடு மறுநாளைக்கு வைத்தவர்களிடம் அது புழுத்து நாறியது. ஓய்வு நாளுக்கென்று இறைவன் சொற்படி வைத்தபோதோ கெடவில்லை. அப்பம் பலுகிய நாளிலும், ஐயாயிரவர் உண்ட பின்னர், துண்டுகளை வீணாக்காமல் சேர்க்குமாறு ஆண்டவர் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அப்பங்களைப் பெருக்க வல்ல அவரே மீதித் துண்டைப் பொறுக்கச் சொன்னாரெனில், நம் சமையலறைக்கு அதனினும் பெரிய பாடம் வேறு என்ன வேண்டும்? 2013 சூனில் திருத்தந்தை பிரான்சிசு, உணவை வீணாக்குவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்னும் கருத்தை வலியுறுத்தினார்.

ஒருவர் தேவைக்கு மேல் அள்ளும்போது இன்னொருவர் வெறுங்கையோடு திரும்புகின்றார். 1943-இன் வங்கப் பஞ்சத்தில் இருபது முதல் முப்பது இலட்சம் மக்கள் மாண்டதாகக் கணக்கிட்டுள்ளனர். போர்க்கால விலையேற்றமும் ஆட்சியாளரின் தவறுகளும் அதற்குக் காரணங்கள். வணிகரின் பதுக்கலும் அவற்றுள் ஒன்று. 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, வசதியுடையோர் வண்டி வண்டியாக வாங்கிச் சென்றனர். அன்றாடக் கூலி பெறுவோர் கடைக்கு வந்தபோது அலமாரிகளில் பல காலியாக இருந்தன. வெங்காயத்துக்கோ பருப்புக்கோ தட்டுப்பாடு என்ற செய்தி வரும் நாளில் மூட்டையாக வாங்குவது சிக்கனமன்று. பருவத்தில் மிகுந்திருக்கும்போது வாங்குவது முன்யோசனை. பஞ்சத்தில் முண்டியடித்து வாங்குவது பதுக்கல். இவ்விரண்டையும் பிரிப்பது வாங்கும் காலமே.

நம் பங்குகள் பலவற்றில் பிடியரிசி என்னும் நல்வழக்கம் இருந்தது. சிலவற்றில் இன்றும் உள்ளது. உலையில் இடும்முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலயத்தில் இட்டு, வார இறுதியில் ஏழைகளுக்கு அளிப்பர். மிசோரம் மலைநாட்டுக் கிறித்தவப் பெண்கள் 1910-இல் தொடங்கிய இதே வழக்கத்தை நூறாண்டு கடந்தும் காத்து வருகின்றனர். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் சோறு குறைந்ததில்லை.

ஆகவே, அன்புச் சகோதரியே, கட்டிலுக்கு அடியில் உள்ளவற்றை ஒருநாள் வெளியே எடுத்து, கணவரோடு அமர்ந்து எண்ணுங்கள். தேதி நெருங்கியவற்றை முதலில் பயன்படுத்துங்கள். உங்களுக்கு மிகையானதை, அது கெடுமுன், வின்சென்ட் தே பவுல் சபையாரிடமோ அண்டை வீட்டு விதவையிடமோ சேர்ப்பியுங்கள். அவை தீரும்வரை அப்பொருள்களுக்குரிய பணத்தை ஓர் உறையில் இட்டு, எரிவாயுவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் என்று எழுதி வையுங்கள். அடுத்த மாதப் பட்டியலை இருவரும் சேர்ந்தே எழுதுங்கள். உங்கள் கணவர் கடிந்தது உங்கள் சிக்கனத்தையன்று. அதில் தமக்கு இடமில்லாததையே என்று நமக்குத் தோன்றுகின்றது.

நம் இல்லங்களில் பானை நிறைந்திருக்கட்டும். அதற்கு மூடியும் இருக்கட்டும். அம்மூடி பசித்தவர் வரும்போது திறக்கவும் செய்யட்டும்.